டீசல் எஞ்சின் புகை: நிறத்தைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

டீசல் எஞ்சின் புகை விட ஆரம்பித்தால் நம்ம பக்கம் முதலில் ஸ்பேனர் போவது டீசல் பம்பின் ஸ்க்ரூவுக்குத்தான். அதைக் கால் சுற்று திருகினால் புகை குறைந்த மாதிரி இருக்கும், பத்து நாளில் இழுவை போச்சு என்று திரும்ப வரும். அந்த ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் காசே இல்லாமலோ, ஒரு ஃபில்டர் விலையிலோ முடிந்துவிடும்.

நான் கடற்படைக் கப்பலின் எஞ்சின் அறையில் டீசல் வேலை பார்த்தவன். இப்போது திருமங்கலம் பக்கம் பட்டறை. மண்டபத்து ஜெனரேட்டர், கிணற்று பம்பு செட், அறுவடை இயந்திரம் என்று வருகிறவை எல்லாம் சின்ன எஞ்சின்கள். கப்பலில் ஓடுவது பெரிது, ஆனால் புகைக்கான காரணங்களும் அவற்றைப் பார்க்கும் வரிசையும் ஒன்றுதான். கப்பல் மாசு பற்றிய மார்பால் என்ற சர்வதேச ஒப்பந்தம் போர்க்கப்பலைக் கட்டுப்படுத்தாது. முடிந்தவரை அதையொட்டி நடக்கும்படி அந்தந்த நாடு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது. இருந்தும் போர்க்கப்பலில் புகையை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை, காரணம் கடலில் கரும்புகை வெகுதூரத்துக்குக் கப்பலைக் காட்டிக்கொடுக்கும். ஊரில் காரணம் வேறு. மண்டபத்துக்குப் பின்னால் சமையல்கட்டில் நிற்பவர்களும், பக்கத்து வீட்டு மாடியில் படுத்திருப்பவர்களும் அந்தப் புகையைத்தான் மூச்சில் இழுக்கிறார்கள். கரும்புகையில் இருக்கும் கரித்துகள் நுரையீரலின் அடிவரை போகும். புகையைச் சரிசெய்வது டீசல் மிச்சத்துக்கு மட்டுமான வேலை இல்லை.

## எதையும் கழற்றும் முன்

எந்த நிறம், எப்போது வருகிறது, எவ்வளவு லோடு ஓடுகிறது, கடைசியாக அந்த எஞ்சினில் யார் என்ன செய்தார்கள். இவற்றைக் கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். "நேத்துதான் சர்வீஸ் பண்ணோம்ணே" என்ற பதில் வந்தால், நேற்று கைவைத்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

வெள்ளைக்கும் நீலத்துக்கும் வெயிலில் வித்தியாசம் தெரியாது. ஒரு சுத்தமான வெள்ளைத் துணியைக் கம்பியில் கட்டி, எஞ்சின் ஐடிலில் (லோடு இல்லாமல் மெதுவாக) ஓடும்போது சைலன்சர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி அரை நிமிடம் பிடியுங்கள். உலர்ந்த கரி படிந்து, தட்டினால் உதிர்ந்தால் அது கரும்புகை. பிசுபிசுவென்று பழுப்புப் புள்ளி விழுந்து விரலில் வழுக்கினால் ஆயில் எரிகிறது. துணி நனைந்து டீசல் வாடை அடித்தால் டீசல் எரியாமல் வெளியே வருகிறது. நனைந்த துணி காய்ந்த பிறகு கறையும் வாடையும் இல்லாமல் இருந்தால் அது தண்ணீர்.

இன்னொன்று. உங்கள் எஞ்சின் காமன் ரெயில் வகையா, அதாவது எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வகையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பி.எஸ்.6 மாசு விதிப்படி வந்த வண்டிகளிலும், 2023 ஜூலை முதல் வந்த புது மாசு விதிப்படி செய்த ஜெனரேட்டர்கள் பலவற்றிலும் இதுதான். இவற்றில் டீசல் குழாயில் 1,000 பாருக்கும் மேலான அழுத்தம் இருக்கும். ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். கீழே குழாய் நட்டைத் தளர்த்தச் சொல்லும் சோதனை எல்லாம் பழைய மெக்கானிக்கல் பம்பு எஞ்சினுக்கு மட்டும்.

## கரும்புகை

உள்ளே போன டீசலுக்குத் தக்க காற்று இல்லை என்று அர்த்தம். காற்றுப் பக்கம் முழுவதும் பார்த்து முடித்த பிறகே டீசல் பக்கம் போக வேண்டும்.

### லோடு ஏறும் நேரத்தில் மட்டும் குபுக்கென்று வந்து நின்றுவிடுகிறது

டர்போ உள்ள எஞ்சினில் இது இயல்பு. லோடு விழுந்தவுடன் டீசல் ஏறிவிடும், டர்போ சுழன்று காற்றைக் கொடுக்கச் சில நொடி ஆகும். நாலைந்து நொடியில் தெளிந்தால் கவலை வேண்டாம். மண்டபத்தில் கரண்ட் போனவுடன் ஏசி, லிஃப்ட், தண்ணீர் மோட்டார் மூன்றும் ஒரே சேஞ்ச் ஓவர் சுவிட்சில் வந்து விழுந்தால் ஒவ்வொரு தடவையும் கரும்புகைதான். லைட்டும் ஃபேனும் முதலில், அரை நிமிடம் கழித்து ஏசி ஒவ்வொன்றாக என்று ஏற்றுங்கள். கப்பலில் ஒரு பெரிய பம்பை ஓட்டும் முன் எஞ்சின் அறைக்குச் சொல்லிவிட்டு ஓட்டுவதும் இதற்காகத்தான். பத்து நொடி தாண்டியும் தெளியவில்லை என்றால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

### லோடில் ஓடும் நேரம் முழுக்கக் கரும்புகை

ஏர் ஃபில்டர். மேலூர் பக்கம் குவாரியும் கிரஷரும், ஆடிக் காற்றில் எங்கும் புழுதி, அறுவடை நேரத்தில் வைக்கோல் தூசி. நம்ம பக்கத்து எஞ்சினுக்குக் கையேட்டில் போட்ட மணிக்கணக்கு ஒத்துவராது, அதில் பாதியிலேயே ஃபில்டர் அடைத்துவிடும். ஃபில்டரைக் கழற்றி உள்ளே செல்போன் டார்ச்சை விட்டு இருட்டில் பாருங்கள். வெளிச்சம் சுற்றிலும் ஒரே மாதிரி கசிய வேண்டும். திட்டுத்திட்டாக இருட்டாக இருந்தால் அடைப்பு. ஊசிமுனை அளவுக்குப் பளீரென்று ஒளி வந்தால் கிழிசல், அது அடைப்பைவிட மோசம், தூசி நேராக லைனரை, அதாவது சிலிண்டரின் உள்சுவரைத் தேய்க்கும். பேப்பர் ஃபில்டரைப் பஞ்சர் கடை காற்றில் முழு வேகத்தில் ஊதாதீர்கள், தரையில் தட்டாதீர்கள், கழுவாதீர்கள். ஃபில்டருக்கு மிச்சம் பிடித்தவர்கள் கடைசியில் பிஸ்டன் ரிங்கும் லைனரும் வாங்குவதை அடிக்கடி பார்க்கிறேன்.

அறையின் சூடு. ஜெனரேட்டரை ஒரு சின்ன அறையில் வைத்து, ரேடியேட்டர் ஊதும் சூடான காற்று அங்கேயே சுற்றினால் எஞ்சின் அதையேதான் இழுக்கும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. சித்திரை, வைகாசியில் புகை அதிகம், மார்கழியில் குறைவு என்று யாராவது சொன்னால் முதல் சந்தேகம் இதுதான். கதவு, ஜன்னலைத் திறந்துவைத்து அதே லோடில் ஓட்டிப் பாருங்கள். புகை குறைந்தால் ரேடியேட்டர் காற்றை வெளியே தள்ளத் தகரக் குழாய் ஒன்று போட்டால் போதும்.

லோடு. கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு ஃபேஸிலும் போட்டுப் பாருங்கள். 62.5 கேவிஏ ஜெனரேட்டருக்கு 415 வோல்ட்டில் ஒரு ஃபேஸுக்கு முழு லோடு சுமார் 87 ஆம்பியர். மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஓட வேண்டும். பம்பு செட்டில் மீட்டர் கிடையாது, அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். புல்லியை மாற்றினீர்களா, பெரிய பம்பைப் பூட்டினீர்களா, டெலிவரி குழாயை மேட்டு நிலம் வரை நீட்டினீர்களா? எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமல், கூடுதல் சுமை மட்டும் புகையாக வருவது உண்டு.

சைலன்சர் அடைப்பு. புகை வெளியேற முடியாவிட்டால் புதுக் காற்று உள்ளே வர முடியாது. எஞ்சின் ஆறிய பிறகு சைலன்சருக்கு முந்திய ஃபிளாஞ்சைக் கழற்றி, சில நிமிடம் லோடில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் காதைப் பிளக்கும், புகை அங்கேயே வெளியேறும் என்பதால் அறையைத் திறந்துபோட்டு, காதை அடைத்துக்கொள்ளுங்கள். புகை குறைந்து எஞ்சின் சுறுசுறுப்பானால் அடைப்பு சைலன்சரிலோ அதற்கு மேல் உள்ள குழாயிலோ இருக்கிறது. பல இடங்களில் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்த பிறகு, கையில் கிடைத்த குறுகலான குழாயை நாலு வளைவு போட்டு மாடிவரை இழுத்திருப்பார்கள். குழாய் உயரமாகப் போக வேண்டும் என்பது சரி. விதியும் அதைத்தான் சொல்கிறது: கட்டடத்தின் உயரத்துக்கு மேல், கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மீட்டர். 62.5 கேவிஏவுக்கு அது கூரைக்கு மேல் சுமார் 1.6 மீட்டர். ஆனால் நீளமும் வளைவும் கூடக் கூடக் குழாயின் விட்டமும் கூட வேண்டும், அதை விட்டுவிடுகிறார்கள்.

டர்போ காற்றுக் குழாய். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ், கிளிப் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவி லோடில் ஓட்டுங்கள். நுரை பொங்கும் இடம் கசிவு. கிளிப்பை இறுக்கினால் தீர்ந்துவிடும் கோளாறுக்கு டர்போவையே மாற்றியவர்களைத் தெரியும். எஞ்சினை நிறுத்தி, ஆறிய பிறகு டர்போ இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், சுவரில் உரசக் கூடாது. இறக்கையில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து களிம்பாகப் படிந்திருந்தாலும் காற்று குறையும். கப்பலில் பெரிய டர்போக்களை ஓட்டத்திலேயே தண்ணீர் பீய்ச்சிக் கழுவ ஏற்பாடு இருக்கும். சின்ன டர்போவில் அதைச் செய்து பார்க்காதீர்கள், கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் இடையே விடும் இடைவெளி. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜ் வைத்து, கையேட்டில் போட்ட இடைவெளிக்கு வையுங்கள். இதைத் தெரிந்தவர் செய்தால் அரைமணி வேலை.

நாசில், அதாவது சிலிண்டருக்குள் டீசலை விசிறும் இன்ஜெக்டரின் முனை. இங்கிருந்து செலவு ஆரம்பிக்கிறது. பல சிலிண்டர் எஞ்சினில் எந்த சிலிண்டர் புகை விடுகிறது என்று பிடிக்க, ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் துணி சுற்றி அரைச் சுற்று தளர்த்தி, திரும்ப இறுக்குங்கள். தளர்த்தும்போது எஞ்சின் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. தளர்த்தியும் மாற்றம் இல்லை என்றால் அது சும்மா இருக்கிறது. தளர்த்தும்போது புகை நின்றால் குற்றவாளி அந்த நாசில்தான். அதைக் கழற்றி நாசில் கடையில் டெஸ்டரில் போடச் சொல்லி, நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். டீசல் பனிமூட்டம் மாதிரி விசிற வேண்டும். கோடாக ஓடினாலோ, அடித்து முடித்த பிறகு நுனியில் சொட்டு நின்றாலோ நாசில் போய்விட்டது. பழைய வகை எஞ்சின்கள் பலவற்றில் அது திறக்கும் அழுத்தம் 200 பார் வாக்கில் இருக்கும், உங்கள் எஞ்சினுக்கு உரிய எண்ணைக் கையேட்டில் பார்த்து அதற்கே வைக்கச் சொல்லுங்கள். விசிறும் டீசலுக்கு நேரே கையை நீட்டக் கூடாது.

டீசல் பம்பும் டைமிங்கும் (டீசல் விசிறும் நேரம்). இது பட்டறை வேலை. கழற்றி, கலிபரேஷன் மேசையில் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை மில்லி போகிறது என்று அளந்து சரி செய்ய வேண்டும். ஓடும் எஞ்சினில் ஸ்க்ரூவைத் திருகுவது அளவு தெரியாமல் ஊற்றுவதுதான். "இழுவை பத்தல, கொஞ்சம் ஏத்தி விடுங்கண்ணே" என்று கேட்பவர்களிடம் நான் திட்டமாக மறுத்துவிடுவேன். ஏற்றிய டீசல் முழுதாக எரியாமல் கரும்புகையாகும். பிஸ்டன் தலை அளவுக்கு மீறிச் சூடாகும், கடைசியில் பிஸ்டனே ஓட்டையாகி நிற்கும்.

டீசல் சரியில்லை என்று பங்க் மேல் பழி போடுவதும் வழக்கம். இப்போது பங்கில் வரும் பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். 2020 முதல் உலகக் கடல் முழுதும் கப்பல் எரிபொருளுக்கு இருக்கும் வரம்பே 0.50 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 5,000 பங்கு. அந்த எண்ணெயில் ஓடும் எஞ்சினே சரியான பராமரிப்பில் கரும்புகை இல்லாமல் ஓடும்போது, பங்க் டீசலைக் குறை சொல்ல இடமில்லை. கேனில் தண்ணீர் கலந்தது வேறு விஷயம். அது வெள்ளைப் புகையில் வரும்.

## வெள்ளைப் புகை

### காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும்

குளிர்ந்த எஞ்சினில் கொஞ்சம் டீசல் எரியாமல் வருவது இயல்பு. மதுரை வெயிலில் இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிட வேண்டும், மார்கழி விடியலில் இன்னும் கொஞ்சம் கூடலாம். போன வருடம் இரண்டு நிமிடம், இந்த வருடம் பத்து நிமிடம் என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம் இறங்குகிறது. ஹீட்டர் உள்ள எஞ்சினில் முதலில் ஹீட்டருக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள்.

### சூடான பிறகும் வருகிறது, டீசல் வாடை அடிக்கிறது

டீசலில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணற்றடியில் திறந்து கிடந்த கேனில் தண்ணீர் இறங்கியிருக்கும். வாட்டர் செபரேட்டரின் அடிக் குழாயைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, அரைமணி அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். இருந்தால் டேங்கை முழுதும் வடித்து, டீசல் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

அடுத்தது ஏர் லாக். டேங்கிலிருந்து பம்பு வரை உள்ள குழாயில் எங்காவது காற்று இழுத்தால் எஞ்சின் தடுமாறி வெள்ளையாக ஊதும். ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்று சுத்த டீசல் வரும் வரை காற்றை எடுங்கள். எடுத்த மறுநாளே திரும்ப வந்தால் எங்கோ ஒரு வாஷர் போயிருக்கிறது. செம்பு வாஷரைத் திருப்பித் திருப்பிப் போடுவதுதான் பெரும்பாலும் காரணம், புதிதாகப் போடுங்கள்.

இரண்டும் சரி என்றால் மேலே சொன்ன நட்டுத் தளர்த்தும் சோதனையில் சும்மா இருக்கும் சிலிண்டரைக் கண்டுபிடியுங்கள். கப்பலில் ஒவ்வொரு சிலிண்டரின் புகைக்கும் தனித்தனி வெப்பமானி உண்டு, எது ஆறிக்கிடக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும். நம்மிடம் அது இல்லை. கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி கடையில் கிடைக்கிறது. எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேராக அதைக் காட்டுங்கள், மற்றவற்றைவிட மிகவும் குளிர்ந்த இடம் கோளாறான சிலிண்டர். அந்த நாசிலை நல்ல சிலிண்டரோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். குளிர்ச்சி நாசிலோடு கூடவே போனால் நாசில் கோளாறு, அதே சிலிண்டரில் நின்றால் கம்ப்ரஷன் கோளாறு. கம்ப்ரஷன் என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. எல்லா சிலிண்டரும் ஒன்றுபோல வெள்ளை விட்டால் டைமிங் பிந்தியிருக்கும், அதற்கும் மெக்கானிக்தான்.

### வாடை இல்லை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது

எஞ்சினை நிறுத்துங்கள். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டில் விரிசல் விட்டிருக்கலாம். முழுதும் ஆறிய பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, டிப்ஸ்டிக்கில் ஆயில் பாலில் கலக்கியது போல வெளுத்திருந்தாலோ திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதில் வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை, நேராக மெக்கானிக்.

சரிசெய்த பிறகு போர் தண்ணீரை ஊற்றி ஓட்டாதீர்கள். நம்ம பக்கத்து உப்புத் தண்ணீர் எஞ்சின் ஜாக்கெட்டில் சுண்ணாம்பாகப் படிந்து, சூட்டைத் தேக்கி, கேஸ்கெட்டைத் திரும்பவும் தின்னும். கூலன்ட் கலந்த சுத்தத் தண்ணீர்தான்.

## நீலப் புகை

ஆயில் எரிகிறது. ரிங் போச்சு என்று உடனே எஞ்சினை இறக்கிவிடாதீர்கள்.

டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் இருந்தால் வடித்துவிட்டு ஓட்டுங்கள், பல நேரம் கதை அங்கேயே முடியும். பழைய பம்பு செட்டில் ஆயில் நிறைத்த ஏர் ஃபில்டர் இருக்கும், அதில் கோட்டுக்கு மேல் ஊற்றியிருந்தால் எஞ்சின் அந்த ஆயிலையும் உறிஞ்சி எரிக்கும். அப்புறம் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் குழாய். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் மேலே வரும்.

ஐடிலில் கொஞ்ச நேரம் நின்று, வேகம் கொடுத்தவுடன் ஒரு நீலக் கட்டி வந்து தெளிந்தால் வால்வு கைடு அல்லது சீல். ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில் தேங்கி வழிந்தால் டர்போ சீல். லோடு ஏற ஏற நீலம் கூடி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று ஊதினால் அது ரிங், லைனர். எஞ்சின் இறக்கும் வேலை, பெரிய செலவு. அதற்கு முன் கம்ப்ரஷன் அளந்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். எண் இல்லாமல் "ரிங்குதான்" என்று சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

டர்போ சீல் போன எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். தன் ஆயிலையே குடித்து எஞ்சின் தானாக வேகம் எடுத்துவிட்டால் டீசலை அடைத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். ஏர் இன்டேக் வாயைத் தடித்த பலகையால் மூட வேண்டும், கையையோ துணியையோ கொண்டுபோகக் கூடாது. பக்கத்தில் போக முடியாத அளவு வேகம் ஏறிவிட்டால் எல்லோரையும் விலக்கிக்கொண்டு நீங்களும் தள்ளிப் போய்விடுங்கள்.

## சைலன்சரிலிருந்து கறுப்பாக எண்ணெய் ஒழுகுகிறது, புகை நீலமும் வெள்ளையும் கலந்து வருகிறது

இதைப் பார்த்து ரிங் மாற்றிய ஜெனரேட்டர்கள் ஏராளம். மாற்றிய ஆறு மாதத்தில் அதே ஒழுகல் திரும்ப வரும், ஏனென்றால் காரணம் எஞ்சினுக்குள் இல்லை. லோடு குறைவாகவே ஓடுவதுதான் காரணம்.

பெரிய ஜெனரேட்டர் வாங்கி, பத்து லைட்டும் நாலு ஃபேனும் மட்டும் ஓட்டினால் சிலிண்டர் சூடே ஏறாது. சூடு இல்லாமல் டீசல் முழுதாக எரியாது. ரிங் லைனரோடு இறுக்கமாக உட்காராது, லைனர் சுவர் கண்ணாடியாக மழுங்கிவிடும். எரியாத டீசலும் ஆயிலும் கரியும் சேர்ந்து சைலன்சர் இணைப்பில் தார் மாதிரி வடியும். போர்க்கப்பலில் இது பழகிப்போன தொல்லை. ஒன்று நின்றாலும் கரண்ட் போகக் கூடாது என்று இரண்டு ஜெனரேட்டரைச் சேர்த்து ஓட்டுவார்கள், லோடு இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றும் கால்வாசி சுமையில் மணிக்கணக்காக ஓடும். மெயின் எஞ்சினும் கடலில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும் நாட்களில் அதே கதை. அதனால் அவ்வப்போது வேண்டுமென்றே லோடு ஏற்றி ஓட்டிக் கரியை எரித்துவிடுவார்கள்.

மண்டபத்திலும் அதையே செய்யலாம். முதலில் கிளாம்ப் மீட்டரில் அளவெடுங்கள். முழு லோடில் 30 சதவீதத்துக்குக் கீழேயே எப்போதும் ஓடினால் சந்தேகம் உறுதி. 62.5 கேவிஏ என்றால் 50 கிலோவாட், அதில் 30 சதவீதம் 15 கிலோவாட், ஒரு ஃபேஸுக்கு 26 ஆம்பியர் வாக்கில். மாதம் ஒரு தடவை ஏசி எல்லாவற்றையும் போட்டு, முக்கால் லோடில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். லோடைப் படிப்படியாக ஏற்ற வேண்டும், ஏனென்றால் சைலன்சரில் தேங்கிய எண்ணெய் திடீர்ச் சூட்டில் தீப்பிடிக்கும். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், பந்தல் துணியோ ஓலையோ இருக்கக் கூடாது. ஆரம்பத்தில் புகை பயங்கரமாக வரும், பிறகு மெல்லத் தெளியும். விசேஷம் இல்லாத நாளாகப் பார்த்து, பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

"சும்மா டெஸ்டுக்கு வாரம் பத்து நிமிஷம் லோடு இல்லாம ஓட்டுறோம்ணே" என்பார்கள். ஜெனரேட்டரைக் கெடுக்கும் வேலை அது. வாராவாரம் ஓட்டினால் லோடோடு ஓட்டுங்கள், இல்லையென்றால் மேலே சொன்னபடி மாதம் ஒரு தடவை முக்கால் லோடில் ஓட்டினால் போதும்.

முக்கால் லோடில் இரண்டு மூன்று தடவை ஓட்டியும் ஒழுகல் நிற்கவில்லை என்றால் லைனர் மழுங்கிவிட்டது. லைனரை ஹோனிங் செய்து (மழுங்கிய சுவரைத் திரும்பச் சொரசொரப்பாக்கி) புது ரிங் போட வேண்டும், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அப்போதும் லோடு பழக்கத்தை மாற்றாவிட்டால் செலவு வீண். ஜெனரேட்டர் தேவைக்கு மேல் பெரிது என்றால் விற்றுவிட்டுச் சின்னது வாங்குவதுதான் என் யோசனை.

## கண்ணுக்குப் புகை இல்லை, ஆனால் தலைவலி, கண் எரிச்சல்

### அறைக்குள் தலைவலி, மயக்கம்

முதலில் ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள், பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொல்லும். யாராவது மயங்கியிருந்தால் 108. சைலன்சருக்கும் சுவருக்கும் இடையே உள்ள ஃபிளாஞ்ச், வளையும் குழாய் இவற்றில் கறுப்புத் தடம் இருந்தால் கசிவு அங்கேதான். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை ஷட்டருக்குள் இழுத்துவைத்து ஓட்டுவதை எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள்.

### வெளியிலும் கண் எரிகிறது, காட்டமான நெடி

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் கண் எரிந்தால் அது அரைகுறையாக எரிந்த டீசல், வெள்ளைப் புகைக்குச் சொன்னதையே பாருங்கள். சூடான எஞ்சின் நல்ல லோடில் இருக்கும்போது எரிந்தால் நைட்ரஜன் ஆக்சைடாக இருக்கலாம். சிலிண்டருக்குள் சூடு அளவு மீறினால் காற்றில் இருக்கும் நைட்ரஜனே எரிந்து இந்த வாயுவாகிறது. நம் கைக்குள் இருப்பவை மூன்று: ரேடியேட்டர் சுத்தமா, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தூசியில் அடைத்திருக்கிறதா, யாராவது டைமிங்கை முன்னால் தள்ளியிருக்கிறார்களா. டைமிங்கை முன்னால் தள்ளினால் கரும்புகை குறையும், இழுவையும் கூடும், நைட்ரஜன் ஆக்சைடு ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாததால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். மெதுவாகச் சுற்றும் பெரிய கப்பல் எஞ்சினுக்கு இதன் வரம்பு முதலில் கிலோவாட் மணிக்கு 17 கிராமாக இருந்தது, 2016 முதல் கட்டப்படும் கப்பல்களுக்கு வட அமெரிக்கக் கரையோரத்தில் 3.4 கிராம். டைமிங்கைத் திருகி அந்த எண்ணை எட்ட முடியாது. அதற்குத்தான் யூரியா கரைசல் தெளித்து வாயுவைச் சுத்தம் செய்யும் எஸ்.சி.ஆர். அமைப்பு வந்தது. இப்போது நம் ஊர் பி.எஸ்.6 லாரி, பஸ்களிலும் அதுவே.

### யூரியா அமைப்பின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது

டேங்கில் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் எரிந்தால், கேனில் போட்ட தேதியையும் அது இருந்த இடத்தையும் பாருங்கள். இந்தக் கரைசல் 30 டிகிரி வரை ஒரு வருடம் தாங்கும், 35 டிகிரியில் ஆறு மாதம்தான். மதுரைக் கோடையில் தகரக் கொட்டகையில் கிடந்த கேனை நம்ப முடியாது. ஊற்றும் வாயிலும் தெளிப்பு முனையிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரால் துடைத்துவிடலாம்.

வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் வேலை சில இடங்களில் நடக்கிறது. செய்யவே செய்யாதீர்கள். சொசைட்டியில் கொடுக்கும் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கும், அதில் உள்ள மற்ற அழுக்குகளும் சேர்ந்து தெளிப்பு முனையை அடைத்து, வினையூக்கியைக் கொன்றுவிடும். வண்டிக்கு உரியது 32.5 சதவீதம் சுத்த யூரியாவும் மீதி கனிமம் நீக்கிய தண்ணீரும் மட்டுமே. வேறு எதையாவது ஏற்கெனவே ஊற்றிவிட்டால் சாவியைப் போடாதீர்கள், சாவி போட்டவுடன் யூரியா அமைப்பின் பம்பு கரைசலை உள்ளே இழுத்துவிடலாம். வண்டியை அப்படியே நிறுத்திவைத்து, டேங்கைக் கழற்றி வடிக்கத் தெரிந்த சர்வீஸ் ஆளை வரச்சொல்லி, ஊற்றியது என்ன, எத்தனை லிட்டர் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.